மூழ்கிய படகுக்கு எந்தப் பாலிசி?

அத்தியாயம் 6

ஏரியில் மூழ்கியபோதுகூட படகு முழுசாகத்தான் இருந்தது. அதைக் காப்பாற்ற வந்த ஜேசிபிதான் முதுகை ஒடித்துவிட்டது.

கோணப்பள்ளி ஏரிக்கரையில் கருவேல மரத்தடியில் அது ஒருக்களித்துக் கிடந்தது. சிவப்பும் வெள்ளையுமான ஃபைபர் உடம்பின் நடுவில் கை நுழையும் அளவுக்கு விரிசல். பின்னால் தொங்கிய எஞ்சினிலிருந்து சேற்றுத் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலை மட்டும் முன்மூக்கில் அப்படியே இருந்தது.

"மாலையும் போட்டாச்சு சார். இனி கருமாதிப் பத்திரிகை அடிக்கறதுதான் பாக்கி," என்றாள் மெஹ்னாஸ்.

துப்பறியும் கங்கப்பன் சிரிக்கவில்லை. அவரைச் சிரிக்க வைப்பதற்கு மெஹ்னாஸ் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முயன்றுகொண்டிருக்கிறாள். அவர் பாதி ஆயுளை இன்சூரன்ஸ் சர்வேயராகக் கழித்தவர். எரிந்த குடோன், கவிழ்ந்த லாரி, நொறுங்கிய மிஷின் என்று பார்த்துப் பார்த்து முகம் அப்படியே தங்கிவிட்டது. மெஹ்னாஸ் சிப்காட் கம்பெனி ஒன்றில் ஹெச்ஆர் ஆக இருந்தவள். ஆட்களைச் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்பும் வேலை பிடிக்காமல் இவரிடம் வந்துவிட்டாள். சிரித்த முகம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

படகுக்குச் சொந்தக்காரி நிர்மலா, சற்றுத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி லைனில் வேலை பார்த்து, கணக்கு முடித்து வந்த பணத்தையெல்லாம் இந்தப் படகில் போட்டவள். சனி ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து கார் காராக வரும் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு அது ஏரியை வட்டமடிக்கும். அந்த ஓட்டத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"திரும்ப ஒரு வாட்டி சொல்லுங்கம்மா," என்றார் கங்கப்பன்.

"என்னா சார் சொல்றது? முந்தாநேத்து பூஜை. சாயங்காலம் முனிவேலு ஒரு ரவுண்டு ஓட்டிக்கினு வந்து இங்க கட்டினான். நேத்துக் காலையில வந்து பாத்தா மூக்கு மட்டும் மேல தெரியுது. போலீஸ் வந்தாங்கோ, முனிவேலைக் கூட்டிக்கினு போயிட்டாங்கோ. இன்னிக்கி சாயங்காலம் எஃப்ஐஆர் போட்டு கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம்."

முனிவேல் படகோட்டி. சிங்காரப்பேட்டைக்காரன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவனை நிர்மலாதான் கூட்டிவந்து படகு ஓட்ட வைத்தாள். அவனைப் போலீஸ் பிடித்ததற்குக் காரணம் படகின் பின்பக்கம் அடியில் இருந்தது. கட்டை விரல் நுழைகிற ஒரு துளை. படகைக் கரையேற்றிக் கழுவினால் உள்ளே தேங்கும் தண்ணீர் அந்த வழியாக வடியும். வடிந்ததும் ஒரு பித்தளைத் திருகைப் போட்டு மூடிவிட வேண்டும். டிரெய்ன் பிளக் என்பார்கள். அந்தப் பிளக்கைக் காணோம். பூஜையன்று படகைக் கழுவும்போது தானே அதைத் திருகி எடுத்ததாக முனிவேல் போலீசிடம் சொல்லியிருந்தான். மறுபடி யார் போட்டது என்று கேட்டதற்கு, "அக்கா போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்," என்றானாம். அந்த அக்கா நிர்மலாவோ போடவில்லை. போன வாரம் போனஸ் விஷயமாக இருவரும் நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டுக்கொண்டது வேறு இருக்கிறது. சப்-இன்ஸ்பெக்டருக்கு வேறென்ன வேண்டும்?

"அவன் செய்யல சார்," என்றாள் நிர்மலா. "வேற யாரோ வெளியாளு செஞ்சிருக்கான். அவனைக் கண்டுபுடிச்சுக் குடுங்க. எனக்கு அது போதும்."

மெஹ்னாஸ் குனிந்து துளைக்குள் விரலை விட்டாள். மரையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. கூடவே ஒரு சாமந்திக் காம்பு.

"கிரீஸா சார்?"

"மஞ்சள்ல கிரீஸ் நான் பார்த்ததில்ல."

"மாலையிலேர்ந்து உதிர்ந்து ஒட்டியிருக்கும்," என்று அவளே சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டாள். கங்கப்பன் அந்தக் காம்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கைக்குட்டையை விரித்து மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்த இளைஞன் எழுந்து வந்தான். அஸ்வின், இன்சூரன்ஸ் ஏஜென்ட், கோயம்புத்தூர்க்காரன். முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

"போட்டுக்கு மூணு விதமா பாலிசி இருக்குங்க சார்," என்றான். "ஒண்ணு, நம்ம போட்டு அடுத்தவங்களுக்கோ ஏறினவங்களுக்கோ செய்யற சேதத்துக்கு மட்டும். நம்ம போட்டு போனா போனதுதான். ரெண்டாவதுல தீ, புயல், மோதல், திருட்டு, எவனாவது வேணும்னே செய்யற நாசம் இதெல்லாம் வருமுங்க. மூணாவதுல இதுக்கு மேல, நம்ம ஆளுங்க கவனக்குறைவால மூழ்கினாலும் உண்டுங்க. மேடம் எடுத்தது ரெண்டாவது."

"ஏம்மா மூணாவதை விட்டுட்டீங்க?" என்றார் கங்கப்பன்.

நிர்மலா தலை நிமிரவில்லை. "எதுக்கு பயப்படறீங்கன்னு இந்தத் தம்பி கேட்டாரு. திருட்டுக்குன்னு சொன்னேன். இந்த சிப்காட் பக்கம் ஒயரைக்கூட விட்டு வைக்க மாட்டேங்கறானுங்க. எங்காளுங்க மேல எனக்கு பயமில்ல, முனிவேலு இருக்கறப்ப மூணாவது எதுக்குன்னுட்டேன்."

"அப்ப முனிவேலே வேணும்னு மூழ்கடிச்சிருந்தா?"

"உண்டுங்க சார்," என்றான் அஸ்வின். "மேடத்தைத் தவிர யார் செஞ்சாலும், வேணும்னே செஞ்சா உண்டு."

"மறந்துபோய் மூழ்கியிருந்தா?"

"இல்லீங்க."

"துரோகத்துக்கு கவர் உண்டு, மறதிக்கு இல்ல," என்றாள் மெஹ்னாஸ். "இதை எழுதினவர் வீட்டுல என்ன நடந்துச்சோ பாவம்."

யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் மெஹ்னாஸுக்கே தான் சொன்னது உறைத்தது. முனிவேல் அயோக்கியனாக இருந்தால் நிர்மலா பிழைப்பாள். அவன் நல்லவனாக இருந்தால் அவள் தெருவில் நிற்பாள். இரண்டு பேரும் பிழைக்க வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒரு வெளியாள் வேண்டும். அப்படி ஓர் ஆள் எதிர்க்கரையில் இருக்கத்தான் செய்தான்.

ஏரியின் எதிர்க்கரை கர்நாடகம். மெஹ்னாஸின் ஸ்கூட்டர் கரையைச் சுற்றிக்கொண்டு போனபோது அவள் கைப்பேசி சிணுங்கி, கர்நாடகத்துக்கு நல்வரவு என்று செய்தி அனுப்பியது.

"எனக்கு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு மாநிலம் மாறுது சார். முதலமைச்சருங்ககூட இவ்வளவு டூர் போறதில்ல."

"ரோட்டைப் பாத்து ஓட்டும்மா."

திம்மப்பன் வாத்து வடிவப் பெடல் படகுகள் வைத்திருந்தான். நிர்மலாவின் படகு வந்ததிலிருந்து அவனுடைய வாத்துகள் பெரும்பாலும் ஓய்வில்தான் இருந்தன. காரணமா, வேண்டிய அளவு இருந்தது. இரண்டு பேரையும் பார்த்ததும் அவன் முதல் காரியமாக ஒரு தட்டு நிறையப் பொரியும் கடலையும் கொண்டுவந்து நீட்டினான். ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் பொரியில்லாமல் வெளியே வர முடியாது.

"ஏனு சார், என்னைச் சந்தேகமா?" என்றான். "நான் வாத்து மேய்க்கறவன். வாத்து போட்டை முழுகடிக்குமா?"

"வாத்துக்குப் பொறாமை வராதுங்கறீங்க," என்றாள் மெஹ்னாஸ்.

"வருது மேடம், நல்லாவே வருது. அதுக்காக ராத்திரி தண்ணில எறங்கி அங்க போவணும்னா நீச்சல் தெரிஞ்சிருக்க ஓணுமில்ல? நனகே ஈஜு பரல்லா."

"ஏரியில போட்டு விடறீங்க, நீச்சல் தெரியாதா?"

"பஸ் ஓனருங்க எல்லாருக்கும் டிரைவிங் தெரியுமா?"

மெஹ்னாஸ் முதல்முறையாகத் தனக்குச் சரியான ஜோடி கிடைத்ததாக நினைத்தாள். கங்கப்பன் பொரியை மென்றுகொண்டே கேட்டார்: "பூஜையன்னிக்கி முனிவேல் ஓட்டினதைப் பாத்தீங்களா?"

"பாக்காம? வயித்தெரிச்சல்ல நின்னு பாத்தேன் சார். அங்க கரையில டிராலி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கினாங்கோ. அப்படியே தண்ணில எறக்கி ஒரு ரவுண்டு. என்னா ஸ்பீடு! மூக்கைத் தூக்கிக்கினு போவுது. பின்னாடி அடியில, கொழாய் தொறந்து விட்டாப்பல ஒரு தண்ணி பீச்சிக்கினே போச்சு. இது என்னடா புது ஃபேஷன்னு நெனச்சேன்."

கங்கப்பன் மெல்லுவதை நிறுத்தினார்.

"அடியிலயா? எஞ்சின் பக்கமா?"

"எஞ்சினுக்குப் பக்கத்துல, கீழ. ஒரு விரல் தண்டி."

ஸ்கூட்டரை நோக்கி நடக்கும்போது மெஹ்னாஸ் கேட்டாள்: "சார், மூஞ்சி மாறிப்போச்சே. ஆள் சிக்கிட்டானா?"

"தப்பிச்சிட்டான்." கங்கப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படகு வேகமா ஓடறப்ப மூக்கு தூக்கிக்கும். உள்ள வர்ற தண்ணி அந்தத் துளை வழியாவே வெளிய பீச்சியடிச்சிடும். நின்னாத்தான் உள்ள ஏறி நிரம்பும். திம்மப்பன் பாத்தது அந்தத் தண்ணி. அப்படின்னா என்ன அர்த்தம்?"

மெஹ்னாஸ் ஒரு கணம் யோசித்தாள். "ஓடறப்பவே பிளக் இல்ல."

"ராத்திரி யாரும் வந்து எடுக்கல. பகல்லயே, படகு கரையில டிராலி மேல நிக்கறப்பவே போயிடுச்சு. அப்ப அங்க இருந்தது யார் யார்?"

"நிர்மலா அக்கா. முனிவேல்." அவள் குரல் இறங்கிவிட்டது. வெளியாள் என்ற ஒரு கதவு இருந்தது, அதைத் தாங்களே வந்து சாத்திவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. கைப்பேசி மறுபடி சிணுங்கித் தமிழ்நாட்டுக்கு நல்வரவு சொன்னது. அவள் அதற்கு எந்த விமரிசனமும் செய்யவில்லை.

முனிவேல் பிளக்கைக் காயலான் கடையில் போட்டிருப்பான் என்று சப்-இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். பித்தளை வாங்குகிற கடை அந்தப் பக்கத்தில் பாகலூர் ரோட்டில் இருக்கும் பஷீர் அஹமதுவின் கடைதான். துருப்பிடித்த பீப்பாய்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் மெஹ்னாஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாம்மா. அத்தா நல்லா இருக்காரா? இந்தா, பொரி எடுத்துக்க."

"உங்க கடையிலயுமா சாச்சா?"

"கடைப் பசங்க பண்ற கூத்து." அவர் மூலையில் இருந்த பெரிய எடை மிஷினைக் காட்டினார். அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. "வேணாம்னா கேப்பானுங்களா? தராசுக்குப் பொட்டு வச்சிட்டு, 'பாய், நாளைக்குப் பூஜைய எடுக்கற வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது'ன்னுட்டானுங்க. நானே தொட முடியல. அன்னிக்கி யாவாரமே இல்ல போ."

"அப்ப முந்தாநேத்து பித்தளை எதுவும் வரலியா?" என்றார் கங்கப்பன்.

பஷீர் அஹமது சிரித்தார். "ஆயுத பூஜை அன்னிக்கி எவன் சார் பித்தளைய விப்பான்? வருசம் பூரா மூலையில கருத்துக் கெடக்கற பித்தளை அன்னிக்கித்தான் குளிக்கும். புளி போட்டுத் தேச்சு, பளபளன்னு சாமி முன்னாடி போய் ஒக்காந்திருக்கும். என் கடைக்கு எதுக்கு வருது?"

கங்கப்பனின் கை பொரித் தட்டிலேயே நின்றுவிட்டது. சட்டைப் பையிலிருந்து அந்தச் சாமந்திக் காம்பை எடுத்துப் பார்த்தார். நுனியில் ஒட்டியிருந்த மஞ்சளை மூக்கருகே கொண்டுபோனார். எடை மிஷினிடம் போய் அதன் நெற்றியையும் முகர்ந்தார்.

"என்னம்மா உங்க சார் தராசுக்கு முத்தம் குடுக்கறாரு?" என்றார் பஷீர் அஹமது.

"பெரிய காதல் கதை சாச்சா, அப்பறம் சொல்றேன்."

வெளியே வந்ததும் கங்கப்பன், "படகுத் துறைக்குப் போம்மா," என்றார். "நிர்மலாவை சாவியோட ஷெட்டுக்கு வரச்சொல்லு."

"சார், கண்டுபுடிச்சிட்டீங்க இல்ல?"

"நான் நெனக்கறது தப்பா இருக்கணும்," என்றார் அவர். இத்தனை நாளில் அவர் அப்படிச் சொல்லி மெஹ்னாஸ் கேட்டதேயில்லை. அவள் ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

படகுத் துறையை ஒட்டித் தகரக் கொட்டகை ஒன்று. நிர்மலா பூட்டைத் திறந்தாள். உள்ளே போலீஸ் புரட்டிப் போட்டதெல்லாம் அப்படியே கிடந்தது. மிதவைச் சட்டைகள் ஒரு பக்கம், பெட்ரோல் கேன்கள் ஒரு பக்கம், கயிறு ஒரு பக்கம். கிழக்கு மூலை மட்டும் கலையாமல் இருந்தது. சாமி படம், வாடிய வாழையிலை, நமுத்துப்போன பொரி. முன்னால் ஒரு பெரிய தாம்பாளம் நிறையச் சாமான்கள்.

"இங்க தேடலியா?" என்று கேட்டார் கங்கப்பன்.

"கான்ஸ்டபிள் வந்தாரு. செருப்பைக் கழட்டிட்டு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாரு," என்றாள் நிர்மலா. "பூஜைய இன்னும் எடுக்கல சார். மறுநாள் காலையில கற்பூரம் காட்டிட்டுத்தான எடுக்கணும். அதுக்குள்ளதான் எல்லாம் முழுகிப் போச்சே. எடுக்காம எப்படித் தொடறது?"

"தட்டுல என்னென்ன வச்சீங்க?"

நிர்மலா குனிந்து பார்த்தாள். இரண்டு நாளில் முதல்முறையாக அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. படகைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வருகிற வெளிச்சம்தான். "ஸ்பேனரு, சுத்தி, ஸ்குரூ டிரைவரு. இது போட்டு மணி. இது ஆரன். பித்தளையெல்லாம் நானேதான் புளி போட்டுத் தேச்சேன் சார், முனிவேலு பூ வாங்கப் போயிருந்தான். அப்பறம் இந்தக் கொழாய் மூடி."

மணிக்கும் ஹாரனுக்கும் நடுவில் அது இருந்தது. கட்டை விரல் அளவு. தங்கமாகப் பளபளத்தது. தலையில் சந்தனம், அதன் மேல் குங்குமம், பக்கத்தில் ஒரு சாமந்திப் பூ.

மெஹ்னாஸ் கங்கப்பனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"அது எங்கம்மா இருந்துச்சு?" மிக மெதுவாகக் கேட்டார்.

"போட்டுக்குப் பின்னாடி விளிம்புல வச்சிருந்துச்சு. கருத்துப்போயி கெடந்துச்சா, பித்தளையாச்சேன்னு..." நிர்மலாவின் வாய் அங்கேயே நின்றது.

"படகுக்கும் நீங்கதான் பொட்டு வச்சீங்களா?"

"நான்தான் சார். முன்னாடி, பின்னாடி, எஞ்சினுக்கு. பின்னாடி கீழ ஒரு குழி மாதிரி இருந்துச்சு. பொட்டு வைக்கத் தோதா இருந்துச்சுன்னு அதுலயும் சந்தனத்தை அப்பி, பொட்டு வச்சு, ஒரு பூவைச் சொருவினேன்."

அவ்வளவுதான். முனிவேல் பூவும் பொரியும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்திருக்கிறான். விளிம்பில் வைத்த பிளக் இல்லை. துளை இருந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் பூவும். அக்கா திருகிப் பொட்டும் வைத்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறான். பூஜை வைத்த ஸ்பேனரை எடுத்து இறுக்கிப் பார்க்கவும் வழியில்லை, மறுநாள் வரை அதைத் தொடக்கூடாது. எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டான். சந்தனம் எவ்வளவு நேரம் தாங்கும்? வெளியாளும் இல்லை, துரோகியும் இல்லை. இந்த ஊரில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் எந்தப் பெண்ணும் செய்யக்கூடிய காரியம், பக்தியோடு செய்தது.

நிர்மலா மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். "இதுதான் அந்தப் பிளக்கா?" என்றாள்.

கங்கப்பன் தலையசைத்தார்.

அந்த நேரம் பார்த்து மெஹ்னாஸின் கைப்பேசி அடித்தது. அஸ்வின். ஸ்பீக்கரில் போட்டிருக்கக்கூடாது. பழக்கதோஷத்தில் போட்டுவிட்டாள்.

"மேடம், நல்ல செய்திங்க! மேலே பேசிட்டேன். எஃப்ஐஆர்ல வேணும்னே செஞ்சதுன்னு ஒரு வார்த்தை இருந்தாப் போதுமாம், மீதிய நான் பாத்துக்கறேன். சாயங்காலம் காப்பி வந்ததும் அனுப்பச் சொல்லுங்க. நிர்மலா மேடத்தை அழ வேண்டாம்னு சொல்லுங்க."

அவன் வைத்துவிட்டான். கொட்டகைக்குள் தகரம் வெயிலில் படபடவென்று பொரிந்தது. வெளியே ஏரி அமைதியாகக் கிடந்தது. கலங்கிய தண்ணீர், நல்ல ஆழம்.

"சார்," என்றாள் மெஹ்னாஸ். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இந்தப் பிளக் ரொம்பச் சின்னது. ஏரி ரொம்பப் பெருசு."

"ஆமா," என்றார் கங்கப்பன்.

அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இத்தனை குடோன், இத்தனை லாரி பார்த்த மனுஷன், இங்கே சொல்ல ஒரு வழியும் தெரியாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். மெஹ்னாஸுக்கு அழுகை வந்தது. கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாமே என்று ஒரு துப்பறியும் ஆபீசில் வேலை பார்க்கிறவள் நினைப்பது எவ்வளவு அசிங்கம் என்றும் தெரிந்தது, அப்படியும் நினைத்தாள்.

"முனிவேலுக்கு எத்தினி வருசம் போடுவாங்க சார்?" என்று கேட்டாள் நிர்மலா.

"அதை நான் சொல்ல முடியாதும்மா."

"அவன் பொண்டாட்டிக்கு இது நெறமாசம்." நிர்மலா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "தம்பி கேட்டப்பவே மூணாவதை எடுத்திருந்தா அவனுக்கும் ஒண்ணுமில்ல, எனக்கும் ஒண்ணுமில்ல. இல்லீங்களா? அவனை நம்பினேன்னுதான் எடுக்கல. என்னை யோசிக்கவே இல்ல நான்."

அவள் எழுந்தாள். தீப்பெட்டியைத் தேடினாள். போலீஸ் கொட்டிவிட்டுப் போன குப்பையிலிருந்து மெஹ்னாஸ்தான் எடுத்துக்கொடுத்தாள். நிர்மலா கற்பூரம் ஏற்றி, சாமி படத்துக்கும் தாம்பாளத்துக்கும் காட்டினாள். கங்கப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். இரண்டு நாளாக எடுக்காமல் கிடந்த பூஜையை அவள் முறையாக எடுத்து முடித்தாள். பிறகு தட்டில் கைவைத்து, அந்த ஒரு சாமானை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஸ்டேஷனுக்குப் போலாம்மா. கோர்ட்டுக்குக் கெளம்பிடப் போறாங்கோ."

ஸ்கூட்டரில் அவள் மெஹ்னாஸின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கங்கப்பன் பின்னாலேயே ஆட்டோவில் வந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர்தான். பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கங்கப்பன் சொன்னதைக் கடைசிவரை கேட்டார், அடிக்கவிருந்த எஃப்ஐஆரை ஓரம் வைத்தார். "இதை எழுதிக் குடுத்தீங்கன்னா உங்க க்ளெய்ம் போயிடும்னு தெரியும் இல்லம்மா?" என்று ஒருமுறை கேட்டார். நிர்மலா தலையாட்டினாள். எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

முனிவேல் வெளியே வந்தான். ஒரு நாள் தாடி, கசங்கிய சட்டை. நிர்மலாவைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தான். மேஜை மேலிருந்த பிளக் கண்ணில் பட்டது.

"அட, கெடச்சிருச்சா! எங்கக்கா இருந்துச்சு? யாரு எடுத்தது?"

நிர்மலா வாயைத் திறந்தாள். அதற்குள் அவனே பேசிவிட்டான்.

"சரி, யாரா இருந்தா என்னா, வுடுக்கா. கெடச்சிருச்சில்ல." அவன் பிளக்கை எடுத்துச் சட்டையில் துடைத்தான். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. "போட்டை மேல எடுத்துட்டாங்களா? எஞ்சின்ல தண்ணி போயிருக்கும், கழட்டிக் காய வச்சா சரியாயிடும். நாளைக்கே தண்ணில எறக்கிடலாம், சனிக்கெழமை கூட்டம் வரும்."

ஜேசிபி செய்த வேலை அவனுக்குத் தெரியாது. யாரும் அதை அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

"சாப்டியாடா?" என்றாள் நிர்மலா.

"சாப்டேன்க்கா, பொரி குடுத்தாங்கோ." அவன் அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். சிரிப்பு குறைந்தது. "ஏன்க்கா ஒரு மாதிரி இருக்கற? அப்படியே போட்டுக்கு ஏதாச்சும் ஆயிருந்தாலும் என்னா இப்ப? நமக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்குதே."

நிர்மலா தலையைக் குனிந்துகொண்டாள். அவன் கங்கப்பனைப் பார்த்தான். கங்கப்பன் கண்ணாடியைக் கழற்றினார். கடைசியில் அவன் மெஹ்னாஸ் பக்கம் திரும்பினான்.

"இல்லீங்களா மேடம்?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற மெஹ்னாஸ், ஸ்கூட்டர் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.